காதும் பேச்சும்: படிக்க நினைப்பவர்களின் கேள்விகள்

செவியியலும் பேச்சு மருத்துவமும் படிப்பது குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கிறேன். ஸ்பீச் தெரபிஸ்ட், ஆடியாலஜிஸ்ட் இரண்டும் தனித்தனிப் படிப்பா? எங்கே சேரலாம்? கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?
— மாணவி, திண்டுக்கல்

இளநிலையில் இரண்டும் ஒரே படிப்புதான்: பி.ஏ.எஸ்.எல்.பி., அதாவது செவியியலும் பேச்சு-மொழி நோயியலும் சேர்ந்த இளநிலைப் பட்டம். நான்கு ஆண்டு. மூன்று ஆண்டு வகுப்பும் கிளினிக்கும், நான்காம் ஆண்டு முழுக்கப் பயிற்சிப் பணி. முதுநிலைக்குப் போகும்போது பெரும்பாலான இடங்களில் எம்.எஸ்சி. ஆடியாலஜி, எம்.எஸ்சி. ஸ்பீச் லாங்வேஜ் பெத்தாலஜி என்று பாதை பிரியும். எம்.எஸ்சி. இல்லாமலும் வேலை பார்க்கலாம். இளநிலை முடித்து மறுவாழ்வுக் குழுமத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்துவிட்டால் இரண்டு வேலைக்கும் உரிமை உண்டு.

மைசூரில் உள்ள அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம் 1965-ல் தொடங்கியது. இந்தத் துறைக்கு அதுதான் தாய்வீடு. மும்பையில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் (1983), திருவனந்தபுரத்தில் நிஷ் எனப்படும் தேசிய பேச்சு, செவிப்புலன் நிறுவனம். நம் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. தமிழக அரசின் துணை மருத்துவப் பட்டப்படிப்புக் கலந்தாய்விலும் பி.ஏ.எஸ்.எல்.பி. உண்டு. தேசிய நிறுவனங்களுக்குத் தனி விண்ணப்பம், தனி விதி. நுழைவுத் தேர்வு விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. அக்கா எழுதிய தேர்வை நம்பித் தங்கை தயாராகக் கூடாது. அந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டைப் பாருங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தை விட்டுவிட்டு கிளினிக்கைக் காட்டச் சொல்லுங்கள். வகுப்பறைப் பாடம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தினம் எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், ஒரு மாணவர் கையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் தெரபியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒலி புகாத அறைகள் எத்தனை, அவற்றில் சோதிப்பவருக்கும் நோயாளிக்கும் தனித்தனி அறையா என்று பாருங்கள். இம்பீடன்ஸ் (நடுக்காதைச் சோதிப்பது), ஓ.ஏ.இ. (உட்காதைச் சோதிப்பது), பெரா (செவி நரம்பையும் மூளைத்தண்டையும் சோதிப்பது) ஆகிய மூன்று கருவிகளும் ஓடுகின்றனவா, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோமீட்டரைக் கடைசியாக எப்போது அளவு திருத்தினார்கள் என்றும் விசாரியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும். அந்தத் தேதியைச் சொல்லத் தடுமாறும் இடத்தில் யோசியுங்கள். பக்கவாத நோயாளிகள் வரும் நரம்பியல் வார்டு இல்லாத கல்லூரியில் படித்தால் பேச்சிழப்பையும் விழுங்கல் கோளாறையும் புத்தகத்தில்தான் பார்ப்பீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: அந்தக் கல்லூரிக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு, ஆர்.சி.ஐ. ஒப்புதல் இருக்கிறதா என்று குழுமத்தின் இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். "ஒப்புதலுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்பது ஒப்புதல் ஆகாது.

மகன் காமர்ஸ் குரூப். இந்தப் படிப்பில் சேர முடியுமா?
— தந்தை, ஈரோடு

முடியாது. இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். மூன்றாவது பாடம் உயிரியலாகவோ கணிதமாகவோ இருக்கலாம், வேறு சில பாடங்களையும் ஏற்கிறார்கள். காது கேளாதவர்களோடு வேலை செய்வதுதான் மகனின் ஆசை என்றால் சிறப்புக் கல்வியில் டி.எட். (செவித்திறன் குறைபாடு), இந்திய சைகை மொழிபெயர்ப்புப் பட்டயம் ஆகியவற்றை விசாரியுங்கள். அவையும் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த படிப்புகள்தான். அவற்றை முடித்தவர் ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர், தெரபிஸ்ட் அல்ல.

மூன்று மாத ஆன்லைன் சான்றிதழ் வாங்கினால் ஸ்பீச் தெரபி சென்டர் தொடங்கலாம் என்று விளம்பரம் பார்த்தேன். உளவியல் பட்டம் இருக்கிறது.
— வாசகி, கோவை

தொடங்காதீர்கள். 1992-ஆம் ஆண்டு ஆர்.சி.ஐ. சட்டப்படி, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இந்தத் தொழிலைச் செய்வது குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்கலாம். சிறை என்ற சொல்லைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், மூன்று வயதுப் பிள்ளை பேசவில்லை என்றால் முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்யத் தெரியாமல் நான்கு மாதம் "அம்மா சொல்லு, அப்பா சொல்லு" என்று நடத்தினால், அந்தப் பிள்ளைக்குப் போன நான்கு மாதம் திரும்பாது. பிறந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நோய் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்று கணக்கு வைத்து ஓடும் துறை இது. உங்கள் உளவியல் பட்டத்தை வைத்து நேரே எம்.எஸ்சி.யில் சேரவும் முடியாது, பி.ஏ.எஸ்.எல்.பி. வேண்டும்.

முதல் செமஸ்டர். ஒலியியலில் டெசிபல் என்றாலே தலை சுற்றுகிறது. கணக்கில் வீக்.
— மாணவர், காட்டாங்கொளத்தூர்

லாகரிதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், மூன்று விஷயம் பிடிபட்டால் போதும். ஒன்று, டெசிபலைக் கூட்டல் கணக்காகப் போடக் கூடாது. 80 டெசிபல் சத்தம் போடும் மிக்சி இரண்டு சேர்ந்து ஓடினால் 160 அல்ல, 83. ஒலியின் செறிவு இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். இரண்டு, செறிவு பத்து மடங்கானால் 10 டெசிபல். அழுத்தம் பத்து மடங்கானால் 20. தேர்வில் தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பித்தான்.

மூன்றாவதுதான் கிளினிக்குக்கு வேண்டியது. ஆடியோமீட்டரில் 0 என்பது நிசப்தம் இல்லை. காது நன்றாக உள்ள இளைஞர்களுக்குச் சராசரியாக எந்த அளவில் ஒலி மட்டுமட்டாகக் கேட்கிறதோ அது 0. டி.டி.எச்.-39 என்ற வகை ஹெட்போனில் 1000 ஹெர்ட்ஸுக்கு அந்த அளவு 7 டெசிபல் ஒலியழுத்தம். 250 ஹெர்ட்ஸுக்கு 25.5. அலைவெண் குறைந்த கனத்த ஒலியை நம் காது அவ்வளவு மந்தமாகக் கேட்கிறது. கருவி அந்த வித்தியாசத்தைத் தானே சரிசெய்துகொண்டு இரண்டையும் 0 என்று காட்டுகிறது. ஹெட்போனை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும். ஒரு கருவியின் ஹெட்போனைக் கழற்றி இன்னொன்றில் மாட்டக் கூடாது என்று சீனியர்கள் கத்துவது இதனால்தான்.

மாஸ்கிங் எப்போது போடுவது, எவ்வளவு போடுவது? மூன்று புத்தகம் படித்தும் விளங்கவில்லை.
— இரண்டாம் ஆண்டு மாணவி, சென்னை

ஒரு காதைச் சோதிக்கும்போது மறு காது குறுக்கே கேட்டுவிடாமல் அதில் இரைச்சல் கொடுத்து மறைப்பதுதான் மாஸ்கிங். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் ஒரு நோயாளியைக் கற்பனை செய்யுங்கள். இடது காது நன்றாக இருக்கிறது: 1000 ஹெர்ட்ஸில் 10 டெசிபலிலேயே கேட்கிறது. வலது காது முழுதும் செத்த காது. வலது ஹெட்போனில் ஒலி கொடுக்கிறீர்கள். கூட்டிக்கொண்டே போனால் 65-ல் கை தூக்குகிறார். வலது காது கேட்டதா? இல்லை. ஒலி மண்டையோட்டைக் கடந்து இடது காதுக்குப் போய்விட்டது. கடக்கும்போது 55 டெசிபல் இழந்து, இடது காதுக்கு 10 மிச்சம் கிடைத்தது. இப்படி நல்ல காது கெட்ட காதுக்காகச் சாட்சி சொல்லி வரையும் கோட்டைத்தான் நிழல் வளைவு என்கிறோம்.

ஹெட்போனில் செய்தது காற்று வழிச் சோதனை. அடுத்து எலும்பு வழிச் சோதனை. அதிர்வியை வலது காதின் பின்னெலும்பில் வைத்தாலும் மண்டையோடு முழுதும் அதிர்கிறது. கடப்பதில் இழப்பே இல்லை. இடது காது 10-ல் கேட்டுவிடும். இப்போது தாளில் என்ன இருக்கிறது? வலது காது, காற்று வழி 65, எலும்பு வழி 10. நடுக்காதில் கோளாறு, அறுவை செய்தால் சரியாகும் என்று பார்ப்பவர் நினைக்கும் ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனின் வரைபடம்! செத்த காதுக்கு அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோய்விடும் பிழை இது. ஆகவேதான் மாஸ்கிங்குக்கு இவ்வளவு பாடு.

விதி இதிலிருந்தே வரும். சாதாரண ஹெட்போனில் சிலருக்கு 40 டெசிபலிலேயே ஒலி கடந்துவிடும். ஆகையால் சோதிக்கும் காதின் காற்று வழி அளவுக்கும் மறு காதின் எலும்பு வழி அளவுக்கும் வித்தியாசம் 40-ஐத் தொட்டால் மறு காதை இரைச்சலால் மூட வேண்டும். காதுக்குள் செருகும் இன்சர்ட் போனில் ஒலி கடப்பது கடினம், தேவையும் குறையும். எலும்பு வழியில் கடக்க இழப்பே இல்லை என்பதால், காற்று வழிக்கும் எலும்பு வழிக்கும் 10-க்கு மேல் இடைவெளி தெரிந்தாலே மாஸ்கிங்.

எவ்வளவு? மறு காதின் காற்று வழி அளவோடு 10 சேர்த்துத் தொடங்குங்கள்; நம் நோயாளிக்கு 20. அதே அலைவெண்ணைச் சுற்றிய குறும்பட்டை இரைச்சல்தான் போட வேண்டும். இப்போது ஒலி கொடுங்கள். கேட்டது என்றால் இரைச்சலை 5 கூட்டுங்கள். கேட்கவில்லை என்றால் ஒலியை 5 கூட்டுங்கள். இரைச்சலை அடுத்தடுத்து மூன்று படி ஏற்றியும் ஒலியின் அளவு அசையாமல் நின்றால் அதுதான் மேடு. சோதிக்கும் காதின் உண்மை அளவு அங்கே இருக்கிறது. நம் நோயாளிக்கோ மேடே வராது. இரைச்சல் ஏற ஏற ஒலியும் கூடவே ஏறி, கருவியின் எல்லையில் போய் முட்டும். மேடு வராததே அவருக்கான விடை.

இரண்டு எச்சரிக்கை. இரைச்சலை மிகையாகப் போட்டால் அதுவும் மண்டையைக் கடந்து சோதிக்கும் காதையே மூடிவிடும். இரைச்சல் அளவிலிருந்து 40 கழித்தால் வருவது சோதிக்கும் காதின் எலும்பு வழி அளவை எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். இரு காதிலும் நடுக்காதுக் கோளாறு பெரிதாக இருந்தால் தொடங்கும் அளவே மிகையாகிவிடும். அங்கே இன்சர்ட் போன் கைகொடுக்கும், சில நேரம் அதுவும் போதாது. இன்னொன்று, எலும்பு வழிச் சோதனையில் மறு காதை ஹெட்போன் மூடியவுடன் 1000 ஹெர்ட்ஸும் அதற்குக் கீழும் அந்தக் காதில் பெருகிக் கேட்கும். உங்கள் காதை விரலால் அடைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள், தெரியும். அந்தப் பெருக்கத்துக்கும் சேர்த்து இரைச்சல் போட மறப்பதுதான் மாணவர்கள் எல்லாரும் செய்யும் தவறு.

பயிற்சிப் பணியில் இருக்கிறேன். உச்சரிப்புச் சோதனையில் "வாழைப்பழம்" படத்துக்கு இங்குள்ள பிள்ளைகள் எல்லாம் "வாளப்பளம்" என்கிறார்கள். பிழை என்று குறிக்கவா?
— மதுரை

குறிக்காதீர்கள். பிள்ளையின் தாயை அந்தப் படத்தைக் காட்டிப் பேசச் சொல்லுங்கள். அவரும் "வாளப்பளம்" என்றால் பிள்ளை தன் தாய்மொழியைச் சரியாகக் கற்றிருக்கிறது. தென்மாவட்டங்களில் பரவலாகவும் யாழ்ப்பாணத்திலும் ழகரம் ளகரத்தோடு கலந்துவிட்டது. சென்னைப் பக்கம் யகரமாகிறது. தமிழாசிரியருக்கு அது குறையாக இருக்கலாம், தெரபிஸ்ட்டுக்கு அது வட்டார வழக்கு. தெரபிக்கு வந்த பிள்ளையின் ழகரத்தை மட்டும் திருத்தி அனுப்பினால் அது வீட்டில் விருந்தாளி போலப் பேசும்.

ஆங்கிலப் பாடப்புத்தகத்தை வைத்துப் படிக்கும் நம் மாணவர்கள் தமிழில் இடறும் இடங்கள் இன்னும் உண்டு. "மரம்" என்ற சொல்லைப் பேச்சில் யாரும் மகர ஒற்றோடு முடிப்பதில்லை. கடைசி உயிரை மூக்கில் ஒலித்து விட்டுவிடுகிறோம். அதைக் கேட்டு "இறுதி மெய் விடுபட்டது" என்று எழுதுவதும் தவறு, "மூக்கொலி மிகை" என்று எழுதுவது அதைவிடத் தவறு. அண்ணப்பிளவு அறுவை முடிந்த பிள்ளைக்கு மூக்கொலி பார்க்க மூக்கெழுத்தே இல்லாத தொடராகக் கொடுங்கள்: "பாப்பா கத்துது", "தாத்தா பாட்டு" போல. "பால்" என்பது பேச்சில் "பாலு". "ஸ்கூல்" "இஸ்கூலு" ஆவது தாத்தா வாயிலும் உண்டு. "சட்டை"யில் சகரம் இரண்டு விதமாக வரும், இரண்டும் சரி.

அப்படியானால் எது பிழை? நான்கு வயதாகியும் "காக்கா"வைப் பார்த்து "தாத்தா" என்றால் பிழை. நாவின் பின்புறம் எழ வேண்டிய ஒலிக்கு நுனி எழுகிறது. இரண்டு இரண்டரை வயதில் அது இயல்பு. நான்கில் தெரபி வேண்டும். அதேபோல், காது கேளாத பிள்ளைகளின் பேச்சில் நெடிலும் குறிலும் ஒற்றும் கலைவதைக் கவனியுங்கள். கல், கால், படு, பட்டு, பாட்டு. தமிழில் பொருளே நீளத்தில் நிற்கிறது. ஆங்கிலச் சோதனைத் தாள் இதைத் தேடாது, நீங்கள்தான் தேட வேண்டும். முதலாண்டில் மொழியியலும் ஒலிப்பியலும் "தியரி பேப்பர்" என்று தள்ளப்படுவது இந்தப் படிப்பின் பெரிய இழப்பு.

ஒரு சிறு யோசனை: சோதனைப் படத்துக்குப் பிள்ளை சொன்னதை எழுத்தில் எழுதாமல், ஒலித்ததை ஒலித்தபடியே காட்டும் ஒலிக்குறியில் எழுதுங்கள். எழுத்தில் எழுதினால் கை தானாகத் திருத்திவிடும்.

ஹியரிங் எய்டு கடையில் வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா? "மாதம் இத்தனை விற்க வேண்டும்" என்கிறார்கள்.
— புதிதாகப் பட்டம் பெற்றவர், திருச்சி

போகலாம், கண் திறந்து போங்கள். இத்தனை விதமான காதுகளையும் கருவிகளையும் ஓராண்டில் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. நேர்முகத்திலேயே மூன்று கேள்வி கேளுங்கள். ஒலி புகாத அறை உண்டா? காதுக்குள் நுண்குழாய் மைக் வைத்து அளக்கும் கருவி உண்டா? சோதனை முடிந்து "உங்களுக்குக் கருவி வேண்டாம், காது டாக்டரைப் பாருங்கள்" என்று அனுப்ப எனக்கு அதிகாரம் உண்டா? மூன்றாவதற்கு முகம் சுளித்தால் இன்னொரு வேலை தேடுங்கள்.

கம்பெனி மென்பொருள் தானாகப் போடும் முதல் அமைப்பை அப்படியே விட்டுவிடுவதுதான் இந்தக் கடைகளில் நடக்கும் பெரிய தவறு. காதுக்குள் அளந்து பார்த்தால் மேல் அலைவெண்களில் தேவைக்குக் குறைவாகக் கிடைப்பது வழக்கம். ஸ், ஷ், ச எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. "சத்தம் கேட்குது, பேச்சு புரியலை" என்று பெரியவர் திரும்பி வருவார், கருவி அலமாரிக்குப் போகும்.

கருவி பொருந்துவதற்காகக் காதின் அச்சு எடுப்பதில் அவசரம் கூடாது. முதலில் காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப்பால் பாருங்கள். அழுக்கு, செவிப்பறையில் ஓட்டை, பழைய அறுவைக் குழி இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். நூல் கட்டிய பஞ்சுத் தடையைக் காதுக்குழாயின் இரண்டாம் வளைவுக்கு அப்பால் வைத்த பிறகுதான் சிலிகோன் பசை. தடை சிறிதாக இருந்தாலோ வைக்க மறந்தாலோ பசை செவிப்பறை வரை போய் இறுகும். அதை எடுக்க ஆபரேஷன் தியேட்டர் வரை போக வேண்டிவரும். எடுக்கும்போது மேல் பக்கத்தை முதலில் விடுவித்து, மெல்லத் திருகி இழுங்கள். பிறகு மறுபடி உள்ளே பாருங்கள். இந்தக் கடைசிப் பார்வையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

வெளிநாடு போக இந்தப் பட்டம் செல்லுமா?
— சேலம்

அப்படியே செல்லாது. அமெரிக்காவில் பேச்சுத் துறைக்கு முதுநிலையும் செவியியலுக்கு ஏ.யு.டி. என்ற முனைவர் நிலைப் பட்டமும் வேண்டும். பேச்சுத் துறையினர் அங்கே முழுநேரமாக 36 வாரம் மேற்பார்வையில் வேலை செய்து, பிராக்சிஸ் என்ற தகுதித் தேர்வும் எழுத வேண்டும். இங்கிலாந்தில் பேச்சுத் துறையினருக்கு எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் குழுமத்தின் பதிவு வேண்டும். எங்கே போவதானாலும் உங்கள் கிளினிக் மணிக்கணக்கைக் கேட்பார்கள். எந்தக் கோளாறு, எந்த வயது, சோதனையா தெரபியா, எத்தனை மணி என்று பிரித்து, மேற்பார்வையாளர் கையெழுத்தோடு முதல் நாளிலிருந்து வைத்திருங்கள். படிப்பு முடிந்து ஐந்தாண்டு கழித்துக் கல்லூரியில் போய்க் கேட்டால் பதிவேட்டைத் தேடி எடுப்பதற்குள் விசா காலம் முடிந்துவிடும்.

இலங்கையில் இதைப் படிக்க வழி உண்டா?
— உயர்தர மாணவி, மட்டக்களப்பு

உண்டு. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானத்தில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் இருக்கிறது. அனுமதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல்படி, உயர்தரத் தேர்வின் இசட் புள்ளி அடிப்படையில். இந்தியாவில் வந்து படிக்க நினைத்தால், திரும்பிப் போய்ப் பதிவு செய்ய அங்கே என்ன கேட்பார்கள் என்பதைச் சேரும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மதுரைக்காரருக்குச் சொன்னதை நீங்களும் படியுங்கள்: தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்த சோதனைத் தாளை மட்டக்களப்பில் அப்படியே விரித்தால் நல்ல பிள்ளைகளுக்கும் குறை வரும்.

எனக்குத் திக்குவாய். தெரபிஸ்ட் ஆக ஆசை. சிரிப்பார்களோ?
— பெயர் வேண்டாம்

இந்தத் துறையைக் கட்டியவர்களிலேயே திக்கியவர்கள் உண்டு. அமெரிக்காவின் சார்லஸ் வான் ரைப்பரும் வெண்டல் ஜான்சனும் திக்குவாய்க்காரர்கள். அவர்கள் எழுதியதைப் படித்துத்தான் உங்களுக்குத் தேர்வு. தாராளமாகச் சேருங்கள். தெரபிக்கு வரும் பிள்ளைக்கு "க" ஒலியைக் காட்டிக்கொடுக்கும்போது திக்கினால், நிறுத்தி மறுபடி சொல்லலாம். அதனால் பிள்ளை தவறாகக் கற்றுக்கொள்ளாது. உங்களுக்குக் கடினம் வாய்மொழித் தேர்வில் வரும். தேர்வறைக்குள் போனதும் முதல் வாக்கியமாக, "எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் எடுப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். மறைக்கப் பார்க்கும் திக்கல்தான் அதிகம் திக்கும். மூன்றாம் ஆண்டுப் பாடத்தில் இதையே நீங்கள் படிப்பீர்கள். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் தேர்வுக்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுதிக் கேளுங்கள், தேர்வன்று வாயால் கேட்க வேண்டாம்.